சாலிம் அலி கிஹிமில் தூக்கணாங்குருவியைப் பார்த்த முறை: ஒரு காலனியைப் பருவம் முழுக்கக் குறிப்பெடுப்பது எப்படி?

கிணற்றடிப்பனை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பறவையியலாளர் சாலிம் அலி 1930-ல் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவியின் இணைசேரும் முறையைக் கண்டுபிடித்தார் என்ற ஒரு வரியோடு எல்லாக் கட்டுரையும் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. அவர் எதைப் பார்த்தார், அதற்கு முன்னால் இத்தனை பேர் பார்த்த பறவையில் அது ஏன் தெரியாமல் போனது என்று யாரும் விளக்குவதில்லை.

கேட்கக் காரணம் உண்டு. எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு பாசனக் கிணறு. அதன்மேல் சாய்ந்து இரண்டு பனை நிற்கிறது. போன பருவத்துக் கூடுகள் முப்பதுக்கு மேல் காய்ந்து தொங்குகின்றன. இந்த முறை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரை வைத்து முதல் நார் கட்டுவதிலிருந்து கடைசிக் குஞ்சு பறப்பதுவரை பதிவு செய்யலாம் என்று திட்டம். கையில் இருப்பது ஒரு 8x40 பைனாகுலர், ஒரு சாதாரண கேமரா, நோட்டுகள். எப்போது தொடங்க வேண்டும், கூட்டுக்கு எப்படி எண் கொடுப்பது, எதை எழுத வேண்டும், எங்கே தப்பு நடக்கும்? பிள்ளைகள் சுவரில் ஒட்டச் சாலிம் அலியைப் பற்றி ஒரு தாளும் எழுத வேண்டும். சரியான விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

நாட்குறிப்பு

முதலில் கிஹிமுக்கு அவர் ஏன் போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் அவருக்கு வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. 1928-ல் விடுப்பு எடுத்து பெர்லினுக்குப் போய், பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்றார். கடைசிவரை தன் குரு என்று அவர் சொன்னது ஸ்ட்ரெஸ்மனைத்தான். ஜெர்மனியில் இருந்தபோது ஹெலிகோலாண்ட் தீவில் பறவையின் காலில் அடையாள வளையமிடும் வேலையையும் பார்த்தார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டமும் கையில் இல்லை. மனைவி தெஹ்மினாவோடு அலிபாக் பக்கத்தில் உள்ள கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபோனார். அந்த மழைக்காலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிக் காலனி ஒன்று கிடைத்தது. அவர் பார்த்தது 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தது.

கண்டது இதுதான். ஆண் ஒரு கூட்டைப் பாதிவரை கட்டும். அந்தக் கட்டத்தில் பெண்கள் கூட்டமாகக் காலனிக்கு வந்து ஒவ்வொரு கூடாக நுழைந்து பார்க்கும். பிடித்தால் ஒரு பெண் அந்தக் கூட்டை எடுத்துக்கொள்ளும். உடனே ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணுக்குக் காத்திருக்கும். அதாவது ஒரே நேரத்தில் கூட்டிவைத்த பல துணை இல்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணை.

முன்னால் ஏன் தெரியவில்லை என்றால், கணக்கு நாள் கணக்கு. கூடு கட்டி முடியச் சுமார் 18 நாள். அடைகாப்பு 14 முதல் 17 நாள். குஞ்சு கூட்டில் இருப்பது சுமார் 17 நாள். முதல் பெண் அடைகாக்கும்போதுதான் அதே ஆண் இரண்டாவது கூட்டில் வேலை செய்யும். ஒரு நாள், இரண்டு நாள் வந்து பார்த்துப் போகிறவர் கண்ணில் படுவது ஒரு முழுக்கூடு, பக்கத்தில் ஒரு அரைக்கூடு, நடுவில் ஒரு ஆண். அந்த அரைக்கூடு ஆண் குருவி தூங்குவதற்கு என்றும், ஊஞ்சல் ஆடுவதற்கு என்றும் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஒரே கிளையை வாரக்கணக்கில் விடாமல் பார்த்தவருக்குத்தான் அரைக்கூடு என்பது முடியாத வேலை இல்லை, பெண்ணுக்குக் காட்டும் வீடு என்று தெரியும். உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள்கூட விடாமல் பார்க்க வேண்டியது இதனால்தான். பத்துப் பேர் இருப்பது நல்லது, முறை போட்டுப் பார்க்கலாம்.

---

ஈச்சங்காடு

டீச்சரா சாரா தெரியவில்லை, எப்படியானாலும் நல்ல காரியம். நடைமுறையை நான் சொல்கிறேன்.

தொடங்கும் நாளைக் காலண்டரில் குறிக்காதீர்கள். கிஹிமில் ஜூன் மழையோடு எல்லாம் தொடங்கிவிடும். நம் பக்கம் மழை ஊருக்கு ஊர் மாறும். பார்க்க வேண்டியது இரண்டு அடையாளம். ஒன்று, ஆணின் தலையும் மார்பும் மஞ்சளாகி, முகத்தில் கரும்பழுப்பு முகமூடி வந்துவிட்டதா. இரண்டு, பக்கத்தில் நார் கிழிக்கும் அளவுக்கு நீளமான பச்சை இலை இருக்கிறதா. நெல்லோ, முரட்டுப் புல்லோ, பனையோலையோ எதுவானாலும் சரி. இலை பச்சையாக இருந்தே ஆக வேண்டும், காய்ந்த நார் வளையாது, முடிச்சுப் போட்டால் முறியும். குருவி இலையின் விளிம்பில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும். இலை நீளவாக்கில் கிழிந்து 20 முதல் 60 செ.மீ. நாராக வாயோடு வரும். இதைப் பிள்ளைகளை முதல் வாரமே வயல் வரப்பில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி வெட்டுத் தெரியும் இலைகளை எண்ணினாலே வேலை தொடங்கிவிட்டதென்று தெரிந்துவிடும்.

இருக்கும் இடம்: மரத்திலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி, காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி. கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் தொங்கும், தென்மேற்குக் காற்றும் மழையும் முகத்தில் அடிக்காமல் இருக்க. அதனால் கிழக்கே உட்கார்ந்தால் கூடும் நன்றாகத் தெரியும், காலை வெளிச்சமும் சரியாக விழும். நாலு மூங்கில் நட்டு மூன்று பக்கம் சாக்குப் படுதா கட்டினால் போதும். படுதாவைக் கூடு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னாடியே கட்டிவிடுங்கள். நடுவில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நட்டால் ஓரிரு நாள் காலனி கலைந்து நிற்கும், அந்த நாட்களின் பதிவு வீண்.

எண் கொடுப்பது: கூட்டில் எதையும் கட்ட வேண்டாம், மரத்தில் ஏறவும் வேண்டாம். தரையில் ஒரு குச்சி அடித்து, அந்தக் குச்சிமேல் கேமராவை வைத்துத் தினமும் காலை ஒரே நேரத்தில் ஒரே படம் எடுங்கள். முதல் நாள் படத்தைப் பெரிதாக அச்சடித்து அதில் எண் எழுதுங்கள். புதுக்கூடு வந்தால் அடுத்த எண். கூடு விழுந்துவிட்டால் அந்த எண்ணை வேறு கூட்டுக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. பருவ முடிவில் கணக்கு குழம்புவது பெரும்பாலும் இந்த ஒரு தப்பால்தான். பழைய பழுப்புக் கூடுகளுக்கு முன்பே "ப1, ப2" என்று தனி எண் கொடுத்துவிடுங்கள். அவற்றில் சில்லைகள் (வேறொரு சிறு குருவி இனம்) குடியேறும், அதையும் தூக்கணாங்குருவி என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள்.

நிலைகளுக்கு நான் வைக்கும் எழுத்து: மு (முடிச்சு, ஓலை நுனியில் நார் சுற்றிய கட்டு), வ (வளையம், குருவி உள்ளே உட்காரும் அளவு), தொ (தொப்பி, கவிழ்த்த தொப்பி மாதிரி, கீழே குறுக்கே ஒரு பட்டை ஓடும்), அ (முட்டையறை, ஒரு பக்கம் வயிறு போலப் புடைத்து மூடியது), கு (குழாய், மறுபக்கம் கீழே நீளும் வாசல்). முடிச்சிலிருந்து தொப்பிவரை சுமார் 8 நாள். அந்தக் குறுக்குப் பட்டையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெண் வந்தால் முதலில் உட்காருவது அதில்தான், கடைசியில் முட்டையறையையும் குழாயையும் பிரிக்கும் தடுப்பும் அதுதான்.

---

கிணற்றடிப்பனை

மிக்க நன்றி இருவருக்கும். (டீச்சர்தான்.) இரண்டு சந்தேகம். ஒரே ஆண்தான் இரண்டாவது கூட்டைக் கட்டுகிறது என்று வளையம் போடாமல் எப்படிச் சொல்ல முடியும்? எல்லாமே ஒரே மஞ்சள். அடுத்து, போன வருடக் கூடுகளில் பாதிக்கு மேல் தொப்பியாகவே நின்றுவிட்டது. அதைத் தோல்வி என்று எழுதலாமா?

---

வலசைக்கோடு

வளையத்தை மறந்துவிடுங்கள் டீச்சர். காட்டுப்பறவையைப் பிடித்துக் காலில் வளையமிட அரசின் முறையான அனுமதியும் பயிற்சியும் வேண்டும். கூட்டையோ முட்டையையோ கலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. கூட்டுக்குள் எட்டிப்பார்க்கக் கண்ணாடி கட்டிய கம்பு, டார்ச் எதுவும் வேண்டாம்.

வளையமில்லாமல் நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது. ஆனால் நல்ல ஆதாரம் சேர்க்கலாம். ஆண் தன் கூட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் காக்கும். பக்கத்து ஆண் நார் திருட வரும்போது விரட்டும் (கட்டி முடிக்காத கூட்டிலிருந்து நார் உருவுவது இவற்றுக்குள் சகஜம்). ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு கொத்து ஓலை என்று பிரித்துக் கொடுத்து, அரைமணி நேரம் ஒரே ஆணை மட்டும் தொடரச் சொல்லுங்கள். எந்தக் கூட்டுக்கு நார் கொண்டுபோனது, எதன் வாசலில் தொங்கிச் சிறகடித்தது, யாரை விரட்டியது என்ற மூன்றை மட்டும் எழுதட்டும். அரைமணிக்குள் ஒரே பறவை குழாய் வைத்த 7-ஆம் கூட்டிலிருந்து பக்கத்து ஆணை விரட்டிவிட்டு, நேரே 12-ஆம் கூட்டின் வளையத்தில் நாரை முடிச்சுப் போட்டால் அது ஒரு வலுவான பதிவு. கண்ணை விட்டு மறைந்துவிட்டால் அந்தத் தொடரை அங்கேயே கோடு போட்டு முடித்துவிட வேண்டும். "திரும்பி வந்தது அதேதான்" என்று ஊகித்து எழுதக்கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள், பிள்ளைகள் ஆர்வத்தில் இதைத்தான் முதலில் மீறுவார்கள்.

இன்னொரு பொறி: மஞ்சள் இல்லாத எல்லாமே பெண் இல்லை. முதல் வருட ஆண்கள் பெண்ணைப் போலவே சிட்டுக்குருவிப் பெட்டை நிறத்தில் இருக்கும். மஞ்சளில்லாதவற்றைப் "பெண்" என்று எழுதாமல் "பழுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். கூட்டுக்குள் போய், தங்கி, பின்னால் இரை கொண்டுவந்தால் மட்டும் பெண் என்று உறுதி செய்யலாம்.

---

ஈச்சங்காடு

இரண்டாவது சந்தேகத்துக்கு: தோல்வி என்று எழுத வேண்டாம். "தொப்பியில் நின்றது" என்று மட்டும் எழுதுங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். பெண் ஏற்காமல் நிற்கலாம், காற்றில் ஓலை முறியலாம், ஆணே விட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்கலாம். நிறம் ஒரு தடயம். பச்சைத் தொப்பி என்றால் இன்னும் வேலை நடக்கிறது. முழுக்கப் பழுப்பாகியும் தொப்பியாகவே இருந்தால் பெரும்பாலும் அது அவ்வளவுதான். அதனால் எழுத்தோடு நிறமும் சேருங்கள்: தொ-ப (பச்சை), தொ-பழு (பழுப்பு).

ஒரு வரிசை எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒன்று எழுதுகிறேன், இது மாதிரிக்கு மட்டும்:

கூடு 7. ஜூன் 20 மு. 22 வ. 25 தொ-ப. 28 தொ-ப, பழுப்பு மூன்று வந்து பார்த்தன, ஒன்று பட்டையில் உட்கார்ந்தது. 29 அதே கூட்டில் பழுப்பு நாலு முறை நுழைந்தது. 30 அ. ஜூலை 2 கு, ஒரு விரல் நீளம். 8 கு, ஒரு சாண். ஜூலை 10 முதல் ஆண் இங்கே நார் கொண்டுவரவில்லை. 19 பழுப்பு வாயில் பூச்சியோடு நுழைந்தது. 22 உள்ளே குஞ்சுச் சத்தம். ஆகஸ்ட் 4 வாசலில் குஞ்சுத் தலை. 6 சத்தமில்லை.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் 12-ஆம் கூட்டின் வரிசையை வையுங்கள். அங்கே "மு" என்ற எழுத்து ஜூலை 5 வாக்கில் விழுந்திருந்தால், 1930-ல் கிஹிமில் தெரிந்தது உங்கள் நோட்டிலும் தெரிகிறது என்று அர்த்தம். அதனால்தான் ஒரு கூட்டுக்கு ஒரு பக்கம் என்று எழுதாமல், எல்லாக் கூட்டையும் ஒரே பெரிய தாளில், நாள் குறுக்கேயும் கூடு கீழேயுமாக எழுதச் சொல்வேன். தனித்தனிப் பக்கத்தில் இந்தத் தொடர்பு கண்ணில் படவே படாது.

நேரம்: காலை 6 முதல் 9 சிறந்தது, மாலை 4-க்குப் பிறகு ஒரு மணி நேரம். மத்தியானம் பார்த்துப் பயனில்லை. பெருமழை அடித்த மறுநாள் கட்டாயம் போங்கள். கூடு விழுவதும், ஓலை முறிவதும், அதற்குப் பின் புது முடிச்சு போடுவதும் அன்றுதான் நடக்கும்.

---

செம்புலத்தான்

சுவர்த்தாள் பற்றி யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதும்போது வழக்கமாக வரும் பிழைகளைச் சொல்கிறேன்.

சாலிம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12, பம்பாய். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து, தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் தெரிந்ததும், அது என்னவென்று கேட்க இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். செயலாளர் மில்லார்ட் அடையாளம் சொன்னதோடு, கழகத்தின் பாடம் செய்த (தோலைப் பதப்படுத்தி வைத்த) பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். இந்தக் குருவியைத் தமிழில் எழுதும்போது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று எழுதுங்கள். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று எழுதிவிட்டால் அது வேறு பறவை, கொண்டைக்குருவி இனம், தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் இருப்பது.

அடுத்து, கிஹிமோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பின் 1930-களில் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புச் செய்தார். 1939-ல் ஒரு சிறு அறுவைசிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்தார். சாலிம் அலியின் கையேடான "இந்தியப் பறவைகள்" நூல் 1941-ல் வந்தது. அமெரிக்கரான எஸ். டில்லன் ரிப்ளியோடு எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளியானது. 1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 1987 ஜூன் 20-ல் காலமானார்.

அவர் பறவையைச் சுட்டார், இது எப்படிப் பாதுகாப்பு என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மறைக்க வேண்டாம். அன்றைய கணக்கெடுப்பில் மாதிரி சேகரிப்புதான் முறை. பறவையைப் பாடம் செய்து காலில் சீட்டுக் கட்டுவார்கள். இடம், தேதி, உயரம், ஆணா பெண்ணா என்பதோடு கண், அலகு, கால் நிறமும் அதில் எழுத வேண்டும். அந்த நிறம் செத்தபின் மங்கிவிடும், பின்னால் யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. கிஹிம் வேலை எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான். துப்பாக்கியும் பாடம்பண்ணும் கத்தியும் சொல்லவே முடியாத ஒன்றை, உயிரோடு விட்டுப் பார்த்து எழுதியது அது. பின்னாளில் அவரிடம் ஆய்வு செய்த வி.சி. அம்பேட்கர் தூக்கணாங்குருவி இனங்களையே எடுத்துக்கொண்டு இதை மேலும் கொண்டுபோனார்.

தமிழ்நாட்டுத் தொடர்பு வேண்டுமென்றால் இரண்டு உண்டு. கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் 1990-ல் தொடங்கிய பறவையியல் மையம். மேகமலையில் 1948-ல் பிடித்துக் கழகத்தின் சேகரிப்பில் வேறு பெயரில் கிடந்த ஒரு பழந்தின்னி வௌவால், 1972-ல் புது இனம் என்று தெரிந்து அவர் பெயரைப் பெற்றது.

---

கிணற்றடிப்பனை

வௌவால் செய்தி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கடைசியாக ஒன்று: கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று வீட்டில் பாட்டிகள் சொல்வதைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். என்ன பதில் சொல்வது?

---

நாட்குறிப்பு

களிமண் உண்மை. பாட்டிகள் பாதி சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தொப்பி நிலையில் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பும். மின்மினி விளக்குக்கு ஆதாரமில்லை. காற்றில் இலேசான கூடு அதிகம் ஆடாமல் இருக்க எடை என்பது ஒரு விளக்கம். பருவம் முடிந்து தானே விழுந்த கூடுகளை எடுத்து, நீளவாக்கில் கத்தரித்து, களிமண் எந்தப் பக்கம், எத்தனை கட்டி, எத்தனை கிராம் என்று தராசில் நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். தொப்பியில் நின்ற கூட்டையும் குழாய் வைத்த கூட்டையும் தனித்தனியாக. சமையலறைத் தராசு போதும், ஆனால் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு நிறுக்க வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் எண் பொய் சொல்லும்.

---

வலசைக்கோடு

இதெல்லாம் தொடங்கும் முன் நிலத்துக்காரரையும் பனை ஏறுபவரையும் பார்த்துவிடுங்கள் டீச்சர். ஓலை வெட்டு கூட்டுப் பருவத்தில் விழுந்தால் காலனி மொத்தமும் ஒரே காலையில் தரைக்கு வந்துவிடும். கூடு தொங்கும் ஓலைகளை மட்டும், கடைசிக் குஞ்சு போகும்வரை விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஓலை என்று உங்கள் எண் போட்ட படத்தையே காட்டலாம். கிணற்றுச் சுவர் தாழ்வாக இருந்தால் படுதாவை அந்தப் பக்கம் போடவே வேண்டாம், பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நடக்கிற பிள்ளைக்குக் காலடி தெரியாது.